பாண் பாட்டுப் போட்ட போர்க்கப்பல்

என் அண்ணனுக்கு ஒரு பழக்கம். தன்னால் முடியாத வேலை ஒன்றை யாராவது கேட்டால் முடியாது என்று சொல்லமாட்டார். "எண்ட தங்கச்சி செய்வா" என்று சொல்லிவிடுவார். ஒரு டிசம்பர் விடுமுறையில் நான் போர்க்கப்பல் ஒன்றில் வேலைக்குச் சேர்ந்தது அப்படித்தான்.

அண்ணன் மட்டக்களப்பு நாவற்குடாவில் வான் ஓட்டுகிறார். வெளிநாட்டுத் தொலைக்காட்சிக் குழு ஒன்று வாவியில் படம் பிடிக்க இடம் தேடி வந்து அவருடைய வானை வாடகைக்கு எடுத்திருந்தது. இடமெல்லாம் பார்த்து முடிந்ததும், ஊர்ச் சனத்தோடு பேசுவதற்கு இங்கிலீசும் தமிழும் தெரிந்த ஒருவர் வேண்டும் என்று கேட்டிருக்கிறார்கள். நான் பள்ளிக்கூடத்தில் இங்கிலீசு படிப்பிக்கிறேன். அன்று பின்னேரம் நான் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தபோது அண்ணன் வந்து வாசலில் நின்றார்.

"நாளைக்குக் காலம வெளிக்கிடு புள்ள. உனக்கு ஒரு வேல எடுத்துத் தந்திரிக்கன்."

"என்ன வேல?"

"கப்பல் வேல."

கேட்டதற்கு மேலே எதுவும் சொல்லாமல் தேத்தண்ணி குடிக்கப் போய்விட்டார். அண்ணியிடம் விசாரித்துத்தான் மிச்சத்தைத் தெரிந்துகொண்டேன். நாங்கள் எல்லோரும் ஒரே வளவுக்குள் இருக்கிறோம். முன்வீட்டில் அண்ணன் குடும்பம், பின்வீட்டில் நானும் அம்மாவும். ஆகவே செய்தி ஒரு கிணற்றடியில் இருந்து இன்னொரு கிணற்றடிக்குப் போகிற தூரம்தான்.

அவர்கள் எடுக்க வந்தது ஒரு பழைய கறுப்பு வெள்ளைப் படத்தின் புது வடிவம். உலகப் போர்க் காலத்துக் கடற்படைக் கதை. ஏதோ ஒரு தீவின் வாவிக்குள், எதிரி வரவே மாட்டான் என்று எல்லோருக்கும் தெரிந்த ஒரு மூலையில், ஒரு சின்னக் கப்பலைக் காவலுக்கு நிறுத்தியிருக்கிறார்கள். இயந்திரம் ஓடுகிற நாளைவிட ஓடாத நாள் அதிகம். கப்டன் மட்டும் நாளைக்கே பெரிய சண்டை வரப்போகிறது என்று மாலுமிகளை வரிசையில் நிறுத்திப் பயிற்சி கொடுப்பார். மாலுமிகளோ மேல்தட்டில் கத்தரி நட்டு, கோழி வளர்த்து, ஊர்ச் சனத்தோடு பண்டமாற்றுச் செய்து காலத்தை ஓட்டுவார்கள். அவர்களுடைய நாட்டில் அந்தப் படத்தைப் பார்த்துச் சிரிக்காத வீடே இல்லையாம். அதையே இப்போது வர்ணத்தில், தொலைக்காட்சித் தொடராக எடுக்கிறார்கள்.

மட்டக்களப்பில் டிசம்பர் மழைக்காலமா என்று யாரிடமும் கேட்காமல் வந்திருந்தார்கள். அல்லது கேட்டு, கேட்கப்பட்டவர் வியாபாரம் கெட்டுவிடக் கூடாதே என்று பதில் சொல்லியிருக்க வேண்டும். அந்த ஆள் என் அண்ணனாக இருக்கலாம் என்ற சந்தேகம் எனக்கு இன்றைக்கும் உண்டு.

இயக்குநர் ஒரு பெண். நாற்பது வயதிருக்கும். தலைமுடியை ஒட்ட வெட்டி, எந்நேரமும் வெறுங்காலோடு நடப்பார். சின்ன வயதில் தன் தகப்பனோடு இருந்து அந்தப் படத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்ததாக முதல் நாளே எனக்குச் சொன்னார். வேலை தொடங்குமுன் எல்லோரும் ஒரு தரம் அதைப் பார்க்க வேண்டும் என்பது அவருடைய விருப்பம். அவர்கள் தங்கியிருந்த விடுதி மண்டபத்தின் சுவரில் ஒரு வெள்ளைப் படுக்கை விரிப்பைக் கட்டினார்கள். காசு வாங்காமல் சும்மாதான் காட்டுகிறார்கள் என்று கேள்விப்பட்டு அம்மாவும் என்னோடு வந்துவிட்டா.

படம் நன்றாகத்தான் இருந்தது. கப்டன் தொப்பியோடு தண்ணீரில் விழுந்த இடத்தில் அம்மா கண்ணில் நீர் வரச் சிரித்தா. மொழி தெரியாதவர்களுக்கும் விளங்குகிற சிரிப்பு அது. பிறகு ஒரு காட்சி வந்தது. காணாமல்போன கோழியைத் தேடி மாலுமிகள் துப்பாக்கிகளோடு கரைக்கு வருகிறார்கள். ஊர்ப் பெண்கள் வரிசையாக நின்று வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறார்கள், கை காட்டுகிறார்கள். அவர்கள் பேசியது எந்த மொழியும் இல்லை. 'உலூ உலூ' என்று ஏதோ ஒரு சத்தம்.

அம்மாவுக்குக் காது கொஞ்சம் மந்தம். அதனால் தான் மெல்லப் பேசுவதாக நினைத்துக்கொண்டு மண்டபம் முழுக்கக் கேட்கும்படி பேசுவா.

"அதுகள் என்னத்துக்குக் கா சிரிக்குதுகள்?" என்று என்னிடம் கேட்டா. "வந்தவங்கட கையில துவக்கெல்லோ இரிக்கு."

இயக்குநர் திரும்பிப் பார்த்து, என்ன சொல்கிறார் என்று கேட்டார். நான் மொழிபெயர்த்தேன். படம் முடியும் வரைக்கும் அவர் சிரித்ததை நான் காணவில்லை. அடுத்த நாள் காலை என்னைக் கூப்பிட்டு, "ஊர்ச் சனம் பேசுகிற இடங்களையெல்லாம் நீங்கள் எழுதித் தாருங்கள். உங்கள் மொழியிலேயே பேசட்டும். உண்மையாக என்ன சொல்வார்களோ அதைச் சொல்லட்டும்" என்றார். மொழிபெயர்க்கப் போன நான் வசனம் எழுதுகிறவள் ஆனேன்.

அண்ணனுக்கும் ஒரு வேடம் கிடைத்தது. கப்பல் சமையல்காரனுக்கு உதவியாக நிற்கும் மாலுமி. வசனம் கிடையாது. வெங்காயம் உரிக்க வேண்டும், தேவைப்பட்டால் துப்பாக்கியோடு வரிசையில் நிற்க வேண்டும். வெள்ளைக் காற்சட்டை, முதுகில் சதுரமாகத் தொங்குகிற கழுத்துப் பட்டி வைத்த சட்டை, வட்டத் தொப்பி. அவருடைய வயிற்றுக்கு அளவான சட்டை இல்லாமல் தையற்காரர் இரண்டு சட்டையை ஒன்றாக்கித் தைத்துக் கொடுத்தார். அந்தக் கோலத்தோடு படம் காட்ட வீட்டுக்கு வந்தார். படலையில் அம்மா நின்றுகொண்டிருந்தா.

"உதக் கழட்டிப்போட்டு உள்ளுக்கு வா மனே."

"இது வெள்ளக்காரன்ட உடுப்பு அம்மா. பழைய காலத்து உடுப்பு. நடிப்புக்கு."

"ஆருட உடுப்பெண்டாலும் எண்ட வளவுக்குள்ள வேணாம்."

அம்மா கோபமாகச் சொல்லவில்லை. மழைக்கு உடுப்புக் காய்வதில்லை என்று சொல்வது போலத்தான் சொன்னா. அண்ணன் வானுக்குள் ஏறிச் சாரத்தைக் கட்டிக்கொண்டு வந்தார். அதன் பிறகு படப்பிடிப்பு முடியும் வரைக்கும் தினமும் வானுக்குள்தான் உடை மாற்றம். ஒரு நாள் வானில் போகும்போது, "உங்களுக்கு அதைப் போட ஒரு மாதிரி இல்லையா?" என்று கேட்டேன்.

"சண்டைக் காலத்தில பாலத்தடி ஆமிச் சோதனையில எத்தின தரம் கையத் தூக்கிக்கொண்டு நிண்டிருப்பன்?" என்றார் அண்ணன். "ஒருக்கா மற்றப் பக்கம் நிண்டு பாப்பம் எண்டு ஒரு ஆச புள்ள. பாத்தா அங்க வெங்காயம் உரிக்க விட்டிருக்கிறான்."

கப்பலுக்கு வருகிறேன். வாகனங்களையும் ஆட்களையும் ஏற்றிக்கொண்டு வாவியைக் குறுக்கே கடக்கும் தட்டையான பெரிய மிதவையை எங்கள் ஊரில் 'பாதை' என்போம். பாலம் கட்டியதால் வேலையில்லாமல் கரையில் கட்டிக் கிடந்த ஒரு பாதையை எடுத்து, அதன்மேல் பலகையால் கப்பல் கட்டினார்கள். சுற்றிவரச் சாம்பல் நிறப் பூச்சு. முன்னுக்கு மரத்தால் செய்த பெரிய பீரங்கி. பின்னுக்கு மறைவாக இரண்டு படகு இயந்திரங்கள். கிட்டப் போய்த் தட்டினால் தேயிலைப் பெட்டி போலச் சத்தம் கேட்கும். ஆனால் தன்னாமுனைக் கரையில் நின்று பார்த்தால், சத்தியமாகப் போர்க்கப்பல்தான்.

அதுதான் பிரச்சினை ஆயிற்று. முதல் நாள் விடியற்காலை கப்பலை வாவிக்குள் கொண்டுபோனோம். மழை விட்ட நேரம், லேசான பனிப்புகார் வேறு. இறால் வலை போட்டுக்கொண்டிருந்த தோணிகள் ஐந்தாறு தெரிந்தன. ஒளிப்பதிவாளர் அந்தக் காட்சியைப் பார்த்து மகிழ்ந்துபோய்க் கமெராவைத் திருப்பினார். அதற்குள் தோணிகள் திரும்பிவிட்டன. ஒருவர் வலையை அப்படியே விட்டுவிட்டுத் தண்டு வலித்தார். ஒருவர் தோணிக்குள்ளேயே குனிந்துகொண்டார். நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே எல்லாத் தோணிகளும் கண்டல் மரங்களுக்குள் போய் மறைந்துவிட்டன. வாவியில் எங்கள் கப்பல் மட்டும் நின்றது.

"ஏன் போகிறார்கள்?" என்று கேட்டார் இயக்குநர்.

அண்ணன் தன் பாட்டில் தொப்பியைக் கழற்றிச் சட்டைக்குள் வைத்தார். பிறகு சட்டையையும் கழற்றினார். "வா புள்ள, போய்ச் சொல்லிப்போட்டு வருவம்" என்றார். கப்பலோடு கட்டியிருந்த சின்னத் தோணியில் நாங்கள் இருவரும் போனோம். கண்டலுக்குள் நின்றவர்களுக்கு அண்ணனைத் தெரியும். எல்லாவற்றையும் விளங்கப்படுத்தினோம். படம், பலகை, மரப் பீரங்கி. கேட்டுக்கொண்டிருந்தவர்களில் மூத்தவர் ஒருவர் அண்ணனை மேலும் கீழும் பார்த்தார்.

"பொய்க் கப்பலெண்டு கிட்ட வந்தாத்தானே தெரியும் தம்பி? தூரத்தில நிக்கிறவன் என்ன செய்யிற? பாண்காரன் மாதிரி ஒரு பாட்டாவது போட்டுக்கொண்டு வாங்கவன்."

மற்றவர்கள் சிரித்தார்கள். பாதி எரிச்சல், பாதி பகிடி. நான் திரும்பி வந்து அதையும் ஒரு சொல் விடாமல் இயக்குநருக்குச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. "பாண்காரர் என்ன பாட்டுப் போடுவார்?" என்று கேட்டார்.

எங்கள் ஊரில் பேக்கரியில் சுட்ட பாண் விற்கிற ஓட்டோக்கள் ஒழுங்கையில் வரும்போது ஒரே ஒரு மெட்டைத்தான் ஒலிபெருக்கியில் போடும். அதைக் கேட்டால் நித்திரையில் கிடக்கிற பிள்ளையும் எழும்பி ஓடும். அண்ணன் அன்று மாலையே எங்கள் ஒழுங்கைப் பாண்காரனை மறித்து அந்த மெட்டைக் கைபேசியில் பதிந்துகொண்டு வந்தார். ஒலிப்பதிவுக்காரர்கள் கப்பல் கூரையில் ஒரு ஒலிபெருக்கியைப் பூட்டினார்கள். படம் பிடிக்காத நேரங்களில் கப்பல் எங்கே போனாலும் அந்தப் பாட்டோடுதான் போக வேண்டும் என்பது இயக்குநரின் கட்டளை.

அடுத்த நாள் கப்பல் தன்னாமுனைப் பக்கம் திரும்பியதும் கரையில் பிள்ளைகள் ஓடி வந்தார்கள். கையில் காசு, சில பேர் கையில் பை. "பாண் கப்பல்! பாண் கப்பல்!" என்று ஒரே சத்தம். ஒரு பெண் குடையைப் பிடித்துக்கொண்டு, "தம்பி, றோஸ் பாண் இரிக்கா?" என்று கப்பலைப் பார்த்துக் கத்தினார். பீரங்கிக்குப் பக்கத்தில் துப்பாக்கியோடு நின்ற மாலுமிகளுக்கு எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை. பிள்ளைகள் ஏமாந்து நின்றதைப் பார்க்கச் சகிக்காமல், மறுநாளில் இருந்து மீன் வைத்த மாலு பாணும் முதலை வடிவக் கிம்புலா பனிசும் பெட்டியில் வாங்கி ஏற்றினார்கள். கப்டன் வேடம் போட்ட நடிகர்தான் அவற்றைக் கொடுப்பார். அவர் எழுபதை நெருங்கிய, பெரிய உடம்புக்காரர். நெஞ்சு நிறையப் பதக்கங்களோடு கரையோரம் குனிந்து, பிள்ளைகளுக்கு ஒவ்வொரு பனிசாக எடுத்து நீட்டுவார். தோணிகளும் நாளடைவில் விலகாமல் நின்றன. தண்ணீர் குடிக்க வேண்டுமென்றால் கப்பலோடு வந்து அணைந்துகொண்டு கேட்டார்கள்.

பிறகு கோழி தேடுகிற காட்சி வந்தது. வாவிக்கரையில் ஓலை வேய்ந்த ஒரு வீட்டைத் தெரிந்தெடுத்திருந்தார்கள். அதற்கு நான் எழுதிய வசனங்களைப் படித்த பெண்கள் எல்லோரும் வெட்கத்தில் சிரித்தார்கள். எத்தனை தரம் எடுத்தாலும் சிரிப்பு வந்தது. இயக்குநர் என்னிடம் வந்து, "உங்கள் அம்மா நிற்பாரா?" என்று கேட்டார்.

அம்மாவிடம் நான் நம்பிக்கையில்லாமல்தான் கேட்டேன். அம்மா உடனே, "என்ன சீல கட்டுற?" என்றா.

ஒழுங்கு இதுதான். கப்டனும் துப்பாக்கியோடு இரண்டு மாலுமிகளும் வாசலுக்கு வருவார்கள். கப்டன் இங்கிலீசில், வீட்டில் எத்தனை பேர் என்று கேட்பார். இரண்டு மாலுமிகளில் ஒருவர் அண்ணன். வந்தவர்களைப் பார்த்து நீங்கள் என்ன சொல்வீர்களோ அதைச் சொல்லுங்கள் என்று மட்டும் இயக்குநர் அம்மாவிடம் சொல்லச் சொன்னார். நான் சொன்னேன். நான் எழுதி வைத்திருந்ததை அம்மா பார்க்கவும் இல்லை.

கமெரா ஓடியது. சப்பாத்துச் சத்தம் கேட்டதும் அம்மா உள்ளே இருந்து வந்து வாசலை அடைத்தாற்போல் நின்றா. முந்தானையை இழுத்துத் தோளை மூடிக்கொண்டா. கப்டன் கேட்டார். அம்மா அவருடைய முகத்தைப் பார்க்கவில்லை, துப்பாக்கிகளையும் பார்க்கவில்லை. அவருடைய சட்டையின் இரண்டாவது பொத்தானைப் பார்த்துக்கொண்டு சொன்னா.

"நானும் இந்தச் சின்னப் புள்ளையும்தான் ஐயா. வேற ஒருத்தரும் இல்ல."

அந்தக் குரலை நான் ஒரு தரம் கேட்டிருக்கிறேன். எனக்கு அப்போது பத்து வயதிருக்கும். படத்தில் இல்லாத, அம்மா சொன்ன அந்தச் சின்னப் பிள்ளை நான்தான். அவவுடைய சீலையைப் பிடித்துக்கொண்டு அதே மாதிரி ஒரு வாசலில் நின்றிருந்தேன். அண்ணன் பறணில் நெல்லு மூட்டைகளுக்குப் பின்னால் படுத்திருந்தார். இளைஞர்களைத் தேடித் துப்பாக்கியோடு வந்தவர்கள் வீட்டுக்குள் ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனார்கள். அவ்வளவுதான் நடந்தது. எங்கள் வீட்டில் யாரும் அதைப் பற்றிப் பிறகு பேசியதில்லை.

இப்போது அந்த அண்ணன் மாலுமி உடுப்பில் கப்டனுக்குப் பின்னால் நின்றார். அவருடைய துப்பாக்கியின் முனை மெல்ல மெல்ல நிலத்தை நோக்கிச் சரிந்தது. ஒருவரும் 'கட்' சொல்லவில்லை. கப்டன் நடிகருக்கு அம்மா சொன்னதன் பொருள் தெரியாது. ஆனால் அவர் தன் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். அது கதையில் இல்லாதது.

அம்மாதான் முற்றத்தில் நின்ற கோழியைக் காட்டி, "கோழிதான் வேணுமெண்டா காசத் தந்துபோட்டுப் புடிச்சிட்டுப் போங்க" என்றா. பிறகு அண்ணனைப் பார்த்து, "நீ என்ன மனே தூங்கி விழுற? வந்த வேலய ஒழுங்காப் பாரு" என்று ஒரு அதட்டு.

அங்கே நின்ற ஊர்க்காரர் எல்லோரும் வெடித்துச் சிரித்தார்கள். அண்ணனும் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். இயக்குநர் ஓடிவந்து, முதலில் என்ன சொன்னார் என்று என்னிடம் கேட்டார்.

"வேறு ஒருவரும் இல்லை என்று சொன்னா."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்" என்றேன். மதியம் சாப்பாட்டு நேரத்தில் கப்டன் நடிகர் என் பக்கத்தில் வந்து இருந்து, மெதுவாகக் கேட்டபோதுதான் பறணைப் பற்றிச் சொன்னேன். அவர் எழுந்துபோய் அம்மாவுக்கு ஒரு கோப்பை தேத்தண்ணி கொண்டுவந்து கொடுத்தார். அம்மா ஒரு வாய் குடித்துவிட்டு, "சீனி காணா எண்டு சொல்லு" என்றா.

அதற்குப் பிறகு பெருமழை தொடங்கியது. வானம் பொத்துக்கொண்டு ஊற்றியது என்றுதான் சொல்ல வேண்டும். விடுதியில் நடிகர்கள் சீட்டு விளையாடினார்கள். வாவி நிரம்பி வீதி விளிம்புக்கு வந்தது. மேற்கே வயல்களெல்லாம் வெள்ளத்தில் நின்றன. இப்படியான காலங்களில், வாவி கடலோடு சேரும் முகத்துவாரத்தில் அடைத்துக் கிடக்கிற மணல் திட்டை வெட்டிவிடுவார்கள். வெட்டினால் வாவித் தண்ணீர் கடலுக்குள் பாயும், வயல்கள் தப்பும். ஒரு நாள் பின்னேரம் வெட்டிவிட்டார்கள். அடுத்த நாள் காலை நல்ல வெயில்.

வெயிலைக் கண்டதும் இயக்குநருக்குத் தலைகால் தெரியவில்லை. கப்டன் இத்தனை காலமும் காத்திருந்த பெரும் சண்டைக் காட்சியை அன்றைக்கே எடுப்போம் என்று எல்லோரையும் கப்பலில் ஏற்றினார்.

"முகத்துவாரம் வெட்டியிருக்கிறார்கள். தண்ணீர் குறையும்" என்று நான் சொன்னேன்.

"எவ்வளவு குறையும்?"

இங்கிலீசு டீச்சரிடம் கேட்கிற கேள்வியா அது? அண்ணனைப் பார்த்தேன். அவர், "பின்னேரம் வரைக்கும் தாங்கும்" என்றார், கையை ஆட்டி.

மதியம் வரைக்கும்கூடத் தாங்கவில்லை. கப்டன் மேல்தட்டில் நின்று, உயிரைக் கொடுத்தாவது இந்த வாவியைக் காப்போம் என்று மாலுமிகளுக்கு உரையாற்றிக்கொண்டிருந்தார். அவருக்குப் பக்கத்தில் மேசையில் ஒரு தேநீர்க் கோப்பை. அது மெல்ல நகர்ந்து, விளிம்புக்கு வந்து, விழுந்து உடைந்தது. அடுத்ததாகக் கத்தரிச் சாடி ஒன்று உருண்டது. கப்பல் வலப்பக்கம் சாய்ந்து, 'புளக்' என்று ஒரு சத்தத்தோடு சேற்றில் இருந்துகொண்டது. சுற்றிவரப் பார்த்தேன். காலையில் தண்ணீராகக் கிடந்த இடமெல்லாம் கறுப்புச் சேறு. கொக்குகள் வந்து இறங்கத் தொடங்கியிருந்தன.

படகு கிட்ட வர முடியாது. நடந்துதான் கரைக்குப் போக வேண்டும். சேறு இடுப்பளவு. மாலுமிகள் ஒவ்வொருவராக இறங்கினார்கள். வெள்ளை உடுப்பெல்லாம் கறுத்து, அடையாளம் தெரியாமல் போனது. கப்டன் நடிகருக்கு முழங்காலில் வருத்தம், சேற்றில் கால் வைக்கப் பயந்தார். அண்ணன் முதுகைக் காட்டிக் குனிந்து, "ஏறுங்க சேர்" என்றார். அந்தப் பெரிய மனிதர் அண்ணனின் முதுகில் ஏறிக்கொண்டார். இரண்டு பேருடைய பாரத்துக்கும் சேறு நெஞ்சு வரைக்கும் வந்தது. கரையில் நின்ற சனம் சீழ்க்கையடித்து, கை தட்டி உற்சாகப்படுத்தியது. கப்டன் நிமிர்ந்து, அந்தச் சனத்துக்கு ஒரு சலூட் அடித்தார். அண்ணனின் காது இரண்டும் அவருடைய மற்றக் கையில்.

சாய்ந்த தட்டில் குந்தியிருந்த ஒளிப்பதிவாளர் எல்லாவற்றையும் பிடித்துவிட்டார். இயக்குநர் தொடை வரைக்கும் சேற்றில் நின்றுகொண்டு சிரித்தார். "சண்டை வேண்டாம். இதுதான் சண்டை" என்றார்.

கப்பலை எப்படி எடுப்பது என்பது மிச்சம் இருந்தது. அண்ணியின் தம்பி கிரானில் வேளாண்மை செய்கிறார். வெள்ளம் வடிந்து வீதி திறந்ததும், அண்ணன் கேட்டதற்காக அவர் தன் உழவு இயந்திரத்தையும், கூட்டாளிகள் இருவரின் உழவு இயந்திரங்களையும் கொண்டு வந்தார். கரையில் நின்று, சேற்றில் கிடந்த போர்க்கப்பலை வெகுநேரம் பார்த்தார்.

"எங்கட வயல் வட்டையில தண்ணி ஏறி நிண்டதாலதான் மச்சான் நாங்க முகத்துவாரத்த வெட்டக் கேட்ட" என்று அண்ணனிடம் சொன்னார். "நெல்லுத் தப்பிட்டு. உங்கட கப்பல்தான் போயிட்டு."

"வெட்டினது நீங்க. நீங்கதான் இழுக்கோணும்" என்றார் அண்ணன்.

"இழுப்பம் இழுப்பம். எதிரி ஆருமில்லாம ஒரு கப்பலைத் தோற்கடிச்ச ஆக்கள் நாங்க."

மூன்று உழவு இயந்திரங்களும் கயிற்றைக் கட்டி இழுக்க, பின்னால் மீன்பிடிக்காரரும் மாலுமிகளும் தோள் கொடுத்துத் தள்ள, கப்பல் அங்குலம் அங்குலமாக நகர்ந்து கரைச் சேற்று வாய்க்காலில் மிதந்தது. பீரங்கி மட்டும் கழன்று விழுந்தது. அதையும் படம் பிடித்தார்கள். கிரான் மச்சான் அங்கே நின்ற எல்லோருக்கும் கேட்கும்படி, "முன்னுக்கு எண்ட முகம் வருமா?" என்று கேட்டார். வரும் என்றேன். வந்தது.

அவர்கள் போய் நீண்ட நாளுக்குப் பிறகு தொடர் வெளிவந்தது. அண்ணன் வீட்டுத் தொலைக்காட்சிப் பெட்டியில் இணையத்தைப் பொருத்தி, வளவு நிறையச் சனத்தோடு பார்த்தோம். உழவு இயந்திரம் கப்பலை இழுத்த இடத்தில் கிரான்காரர் எழும்பி நின்று கும்பிட்டார். கப்டனைச் சுமந்த இடத்தில் அண்ணி, "எனக்கு ஒரு மூட்ட அரிசி தூக்கித் தாறயில்ல, வெள்ளக்காரன எண்டா தூக்குறீங்க" என்றா.

அம்மாவின் காட்சி ஒரு நிமிடம்தான் வந்தது. அம்மா வாசலில் நின்று சொன்னதன் இங்கிலீசுப் பொருள் கீழே எழுத்தில் ஓடியது. பின்னணி இசை எதுவும் வைக்கவில்லை. கோழிக்குக் காசு கேட்ட இடத்தில் மறுபடி எல்லோரும் சிரித்தார்கள்.

அப்போது அம்மா, திரையில் இருந்து கண்ணை எடுக்காமல் சொன்னா.

"அண்டைக்கு இவன் பறணில கிடந்து தும்மினான்."

அண்ணன் திரும்பினார். "ஆரு? நானா?"

"வேற ஆரு? அவங்கள் வாசலத் தாண்டப் போற நேரம். நெல்லுத் தூசி. நான் சும்மா இரிமி இரிமி அடக்கின நான். நெஞ்சு வெடிக்கிற மாதிரி இரிமின நான். அதில ஒருத்தன் தண்ணி குடி அம்மா எண்டு சொல்லிப்போட்டுப் போனான்."

இத்தனை வருடமும் அம்மா இதைச் சொன்னதில்லை. அம்மா இருமியது எனக்கு ஞாபகம் இருந்தது. பயத்தில் இருமினா என்றுதான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

"நான் தும்மல்ல அம்மா" என்றார் அண்ணன். "மூக்கப் பொத்திக்கொண்டு கிடந்த நான்."

"தும்மினாய்."

"சத்தியமா இல்ல."

"எனக்குக் காது கேட்ட காலம் மனே அது."

வளவே சிரித்தது. அண்ணன் விடவில்லை. தான் தும்மவில்லை என்பதற்குச் சாட்சியாக என்னை இழுத்தார். நான் அம்மா பக்கம் நின்றேன். கிரான்காரர், தும்மினது எலியாக இருக்கலாம் என்று சமாதானம் பேசினார். எலி தும்முமா என்று அண்ணி கேட்டா. இந்த வழக்கு முடியுமுன் அந்தப் பாகம் முடிந்து அடுத்தது தொடங்கிவிட்டது. திரையில் கப்டன் ஏதோ கட்டளை போட்டுக்கொண்டிருந்தார், ஒருவரும் பார்க்கவில்லை.